முத்திரை இருந்தால் போதுமா?

ஜெர்மனியில் ஊருக்குள் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அங்கே போகும் ஒரு காரைப் போலீஸின் லேசர் கருவி அளக்கிறது. 83 என்று காட்டினால் சலுகையாக 3 கழித்து 80 என்று எடுத்துக்கொள்வார்கள். வரம்பை மீறியது 30. அபராதம் 180 யூரோ, ஓட்டுநர் பெயரில் ஒரு குற்றப்புள்ளி. அதே கருவி 84 என்று காட்டினால் மீறல் 31 ஆகிவிடும். அபராதம் 260 யூரோ, இரண்டு புள்ளிகள், கூடவே ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அபராதப் பட்டியல் இப்படிச் சொல்கிறது. டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த ஒரு கிலோமீட்டர் ஒரு மாத வருமானம்.

அந்த ஒரு கிலோமீட்டரைக் கருவி சரியாகத்தான் அளந்ததா? முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: கருவியில் முத்திரை இருக்கிறது, போய்வாருங்கள். இன்றும் முத்திரை இருக்கிறது. ஆனால் அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்தே இருக்கிறது. இந்த மாற்றம் எளிதில் வந்துவிடவில்லை. அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் வந்த கதை அது.

அன்று: கையில் துப்பாக்கி, பக்கத்தில் பதிவேடு

ரேடார் 1950-களின் பிற்பகுதியிலேயே ஜெர்மானியப் போலீஸின் கைக்கு வந்துவிட்டது. அதன் கற்றை அகலமானது. வண்டிகள் நெருக்கமாக வரும்போது எந்த வண்டியின் வேகம் பதிவானது என்பதில் தகராறு வரும். 1990-களில் லேசர் துப்பாக்கி வந்தபோது, கூட்டத்துக்குள் ஒரே ஒரு வண்டியைக் குறிவைக்க முடியும் என்பதே அதன் பெரிய பெருமை. ஆஸ்திரியாவின் ரீகல் நிறுவனம் செய்த கருவியும், ஜெர்மனியின் யேனா நகரத்து ஒளியியல் தொழிலிலிருந்து வந்த லாவெக் கருவியும் அந்தக் காலத்துச் சாலையோரங்களில் பழகிய முகங்கள்.

வேலை செய்யும் விதம் கேட்க எளிது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாகக் கருவி அனுப்பும். வண்டியில் பட்டுத் திரும்பிவர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியைத் தொட்டுத் திரும்ப ஒரு மைக்ரோநொடிகூட ஆகாது. இப்படி அடுத்தடுத்துத் தூரங்களை அளந்து, அவை எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும்.

சிக்கல் இருப்பது குறியில். கற்றை புறப்படும்போது மெல்லியது, போகப்போக விரியும். 100 மீட்டரில் சுமார் 30 சென்டிமீட்டர், 300 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம். அளந்து முடிக்க அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கை சற்று அசைந்து, கண்ணாடியில் பட்ட ஒளி ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் நம்பர் பிளேட்டுக்கு நழுவினால், கார் ஓடிய தூரத்தோடு அந்த ஒரு மீட்டரும் சேர்ந்துவிடும். அரை நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் மணிக்கு 7 கிலோமீட்டர் கூடுதல். இதைத் தடுக்கத்தான் சீராக இல்லாத அளவீட்டுத் தொடரைத் தானாகவே தள்ளிவிடும் சோதனைகளைக் கருவிக்குள் வைத்தார்கள். அந்தச் சோதனைகள் நம்பத்தக்கவைதானா என்று பார்த்துச் சொல்வதே சான்றிதழின் முதல் வேலை.

அந்தச் சான்றிதழ் இரண்டு படிகளில் வந்தது. முதல் படி கருவியின் மாதிரிக்கு. அதைத் தருவது பிரவுன்ஷ்வைக் நகரில் இருக்கும் கூட்டாட்சி இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனம். ஜெர்மானியர்கள் சுருக்கமாகப் பி.டி.பி. என்பார்கள். 1887-ல் பெர்லினில் தொடங்கிய அளவியல் ஆய்வுக்கூடத்தின் வழிவந்தது. நாட்டின் சட்டபூர்வமான நேரத்தை அணுக் கடிகாரம் வைத்துச் சொல்வதும் இதே நிறுவனம்தான். இரண்டாவது படி ஒவ்வொரு தனிக் கருவிக்கும். நம் ஊர்க் கடைத் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் முத்திரை வைப்பது போல, மாநிலங்களின் எடையளவு அலுவலகங்கள் கருவியைச் சோதித்து முத்திரை ஒட்டும். காலக்கெடு முடிந்தால் மறுபடியும் கொண்டுபோக வேண்டும். ஒட்டிய முத்திரை கிழிந்திருந்தால் அந்தக் கருவியின் அளவுக்கு மதிப்பில்லை.

பயன்பாட்டில் இருக்கும் கருவி எவ்வளவு தவறலாம் என்பதற்கும் வரையறை உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வரை கூடவோ குறையவோ 3 கிலோமீட்டர், அதற்கு மேல் 3 சதவீதம். ஓட்டுநருக்குக் கழித்துக்கொடுக்கும் சலுகை இந்த வரையறையிலிருந்து வந்ததுதான்.

மீதிப் பொறுப்பு சாலையோரத்துப் போலீஸ்காரருடையது. வேலை தொடங்குமுன் அவர் நான்கு சோதனைகள் செய்தாக வேண்டும். கருவி தன்னைத் தானே சோதிப்பது ஒன்று. திரையின் எண்கள் முழுதாக ஒளிர்கின்றனவா என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, ஒரு கம்பத்தையோ சாலைப் பலகையையோ குறிவைத்து, குறிப்புள்ளியும் கற்றையும் ஒரே இடத்தில்தான் விழுகின்றனவா என்று ஒலியின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கண்டறிவது. நான்காவது, அசையாமல் நிற்கும் பொருளை அளந்து பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பது. நான்கையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

புகைப்படம் கிடையாது. திரையில் எண் வரும். ஒருவர் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். வழக்கு வந்தால் சாட்சி சொல்லப் போவதும் அவரே. படிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என இரண்டு ஜோடிக் கண்கள் கட்டாயமா என்று கீழ் நீதிமன்றங்களில் வாதம் நடந்தது. கட்டாயமில்லை என்றுதான் மேல் நீதிமன்றங்கள் சொல்லின. ஆனால் அந்த முறையில் ஓட்டுநரின் வக்கீலுக்கு ஒரு வசதி இருந்தது. எதிரே ஒரு மனிதர் நின்றார். எங்கே நின்றீர்கள், எவ்வளவு தூரத்தில் அளந்தீர்கள், முன்னால் வேறு வண்டி போனதா என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது.

நீதிமன்றம் கொடுத்த சுருக்குவழி

ஆண்டுதோறும் குவியும் வேக வழக்குகள் ஒவ்வொன்றிலும் இயற்பியல் நிபுணரை வரவழைத்தால் எந்த நீதிமன்றமும் தாங்காது. அதனால் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1993-லும் 1997-லும் இரண்டு தீர்ப்புகளில் ஒரு வழி வகுத்தது. 1997-ன் தீர்ப்பு லேசர் அளவீட்டைப் பற்றியதே. பயன்படுத்தும் நிபந்தனைகளும் அளக்கும் படிகளும் விதிகளால் நிலைப்படுத்தப்பட்டு, ஒரே சூழலில் ஒரே விடை வரும் என்று எதிர்பார்க்க முடிந்தால், அது ‘தரப்படுத்தப்பட்ட அளவீட்டு முறை’. அப்படிப்பட்ட கருவியால் அளந்தது என்றால், எந்த முறை, எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற இரண்டை மட்டும் நீதிபதி தீர்ப்பில் எழுதினால் போதும். மேற்கொண்டு ஆராய வேண்டுமானால், பிழை நடந்ததற்கான திட்டவட்டமான அறிகுறியை ஓட்டுநர்தான் காட்ட வேண்டும்.

அன்றைய நிலையில் இது நியாயமான ஏற்பாடாகவே இருந்தது. மாதிரியைச் சோதித்தது நாட்டின் உயர்ந்த அளவியல் நிறுவனம். கருவிக்கு முத்திரை இருக்கிறது. அளந்தவர் நேரில் நிற்கிறார். இந்த மூன்று கால்களில் ஏற்பாடு நின்றது. பிறகு மூன்றாவது கால் கழன்றுபோனது.

சாலையோரத்தில் ஆளில்லை

2006-ல் வீஸ்பாடன் நகரத்து விட்ரானிக் நிறுவனத்தின் போலிஸ்கேன் கருவிக்குப் பி.டி.பி. ஒப்புதல் கிடைத்தது. இது கையில் பிடித்துக் குறிபார்க்கும் துப்பாக்கி இல்லை. லேசர் கற்றையால் சாலை முழுவதையும் துழாவிப் பார்க்கும் கருவி. பல தடங்களில் வரும் வண்டிகளை ஒரே நேரத்தில் பின்தொடரும். ஏறத்தாழ 75 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை அளந்து, எந்த வண்டி எவ்வளவு வேகம் என்று மென்பொருளே முடிவுசெய்து, படமும் எடுத்துவிடும். யேனாப்டிக் நிறுவனத்தின் டிராஃபிஸ்டார் எஸ்350 போன்ற கருவிகள் பின்னால் வந்தன. தூணில் பொருத்தினார்கள். பிறகு கவசம் போட்ட இழுவைப் பெட்டியில் வைத்து, நாள்கணக்கில் ஆளில்லாமலே சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

சாட்சியாக இருந்த மனிதரின் இடத்தில் இப்போது ஒரு படமும், மின்கையொப்பமிட்ட ஒரு கோப்பும். கோப்பை இடையில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு அந்தக் கையொப்பம் உத்தரவாதம். உள்ளே வந்த எண் சரியானதுதானா என்பதற்கு அது பதில் சொல்லாது. பல கருவிகளில் வேகத்தைக் கணக்கிடப் பயன்பட்ட தனித்தனித் தூர அளவுகள், அதாவது மூலத் தரவு, கணக்கு முடிந்ததும் அழிக்கப்பட்டன. எஞ்சியது விடை மட்டும்.

1997-ன் சுருக்குவழி இங்கேதான் முரண்டியது. பிழை நடந்ததைக் காட்டினால்தான் நீதிமன்றம் ஆராயும். பிழையைக் காட்டவோ தரவு வேண்டும். தரவைக் கேட்டால் வழக்குக் கட்டில் இல்லை என்பார்கள், அல்லது அழிந்துவிட்டது என்பார்கள். காவலரைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல்கள், பெட்டியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மூன்று தீர்ப்புகள், ஒரு கருவி

2019 ஜூலை 5 அன்று, ஜெர்மனியின் சின்ன மாநிலங்களில் ஒன்றான ஸார்லாந்தின் அரசியல் சாசன நீதிமன்றம் துணிந்து ஒரு தீர்ப்புச் சொன்னது. டிராஃபிஸ்டார் எஸ்350 அளந்த ஒரு வேக மீறல் வழக்கு அது. அளவீட்டின் தரவுகளை முழுதாகச் சேமிக்காத கருவியின் முடிவை, ஓட்டுநர் சரிபார்க்கவே வழியில்லை. சரிபார்க்க வழியில்லாத ஒன்றை வைத்துத் தண்டிப்பது முறையான தற்காப்பு உரிமையைப் பறிப்பது. ஆகவே அந்த அளவு செல்லாது. மற்ற மாநிலங்களின் மேல் நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் அதே கருவி, அதே முத்திரை, வேறு தீர்ப்பு.

அடுத்த ஆண்டு நவம்பர் 12-ல் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றமே பேசியது. பவேரியாவில் தண்டிக்கப்பட்ட ஓட்டுநர் ஒருவர் கேட்ட விவரங்களை, வழக்குக் கட்டில் இல்லாதவை என்று அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். நீதிமன்றம் சுருக்குவழியைத் தள்ளிவிடவில்லை. தரப்படுத்தப்பட்ட முறை தொடரலாம் என்றது. ஆனால் அரசு தனக்கு வேலையைச் சுருக்கிக்கொண்டால், எதிரே நிற்பவருக்குச் சரிபார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும். வழக்கோடு தொடர்புள்ள, அதிகாரிகளிடம் இருக்கிற விவரங்களை, உரிய காலத்தில் கேட்டால், கட்டில் இல்லை என்று சொல்லி மறுக்கக்கூடாது. மூலத் தரவும் அதில் அடக்கம்.

இதெல்லாம் வக்கீல்களின் வாதத்திறமை, முத்திரை வைத்த கருவி எங்கே தவறப்போகிறது என்று நினைத்தவர்களுக்குப் பதில் 2021-ல் வந்தது. லைகா கேமராவுக்குப் பேர்போன வெட்ஸ்லார் நகரத்தில் இருந்த லைவ்டெக் நிறுவனத்தின் எக்ஸ்வி3 என்ற லேசர் கருவி, 2009-ல் ஒப்புதல் பெற்று நாடெங்கும் புழக்கத்தில் இருந்தது. தனியார் நிபுணர்கள் தங்கள் சோதனை ஓட்டங்களில், சில சூழல்களில் அது அனுமதித்த அளவை மீறித் தவறுவதைக் கண்டார்கள். நிறுவனம் பயன்பாட்டு விதிகளைத் திருத்திப் பார்த்தது, போதவில்லை. மார்ச் மாதத்தில் கருவியை நிறுத்திவைக்கும்படி நிறுவனமே போலீஸாரையும் நகராட்சிகளையும் கேட்டுக்கொண்டது. பி.டி.பி.யும் தன் சோதனைகளில், ஓட்டுநருக்குப் பாதகமான விலகல் நேரக்கூடும் என்பதை உறுதிசெய்தது. ஓல்டன்பர்க் மேல் நீதிமன்றம் அந்தக் கருவிக்குத் தரப்படுத்தப்பட்ட முறை என்ற தகுதி இனி இல்லை என்றது. பல இடங்களில் வழக்குகள் கைவிடப்பட்டன.

பெரும்பாலான நேரம் அந்தக் கருவி சரியாகவே அளந்திருக்கும். தவறியது குறிப்பிட்ட சூழல்களில் மட்டும். ஆனாலும் மாதிரி ஒப்புதலும் காலமுறை முத்திரையும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கண்டுபிடிக்காத ஒரு குறையை, வெளியிலிருந்து கேள்வி கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு சம்பவமே சொல்லிவிடும்.

இன்று: என்ன மாறியது, என்ன மாறவில்லை

2015 ஜனவரி முதல் புதிய அளவீட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பழைய மாதிரி ஒப்புதலின் இடத்தில் ‘இணக்க மதிப்பீடு’ வந்தது. கருவி சட்டத்துக்கு உட்பட்டது என்று அறிவிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அதைச் சோதித்துச் சான்று தரும் இடத்தில் பி.டி.பி. இருக்கிறது. கருவியைப் பழுதுபார்த்தது, பராமரித்தது, உள்ளே கைவைத்தது எல்லாவற்றுக்கும் சான்றுகளை வைத்திருப்பவர் பாதுகாக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு முத்திரை அன்றைய நிலையை மட்டும் சொன்னது. இப்போது கருவியின் வரலாறும் கேட்டுப் பெறக்கூடியது.

பி.டி.பி.யின் தரப்பையும் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான வண்டிகளை உண்மையான போக்குவரத்தில் ஒப்பீட்டுக் கருவியோடு அளந்து பார்த்துத்தான் மாதிரிக்குச் சான்று தருகிறோம். ஒரே ஒரு அளவீட்டின் எஞ்சிய தரவை வைத்துப் பின்னால் கணக்குப் போடுவது அதைவிடத் துல்லியமாகிவிடாது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. சேமித்த தரவே தவறானதாக இருந்தால், அதை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் அதே தவறுதான் வரும். ஆனால் நழுவிய குறி, இரண்டு வண்டிகளைக் குழப்பிக்கொண்டது போன்ற பிழைகளின் தடயம் மூலத் தரவில்தான் கிடைக்கும். முன்கூட்டிய சோதனையால் பின்னால் சரிபார்ப்பது தேவையற்றதாகிவிடாது.

வழக்குமன்றச் சண்டையும் முடிந்துவிடவில்லை. தரவைச் சேமிக்காத கருவிகளை அரசு பயன்படுத்தவே கூடாது என்று கேட்டவர்களின் மனுக்களை, 2023 ஜூன் 20 தேதியிட்ட முடிவில் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. அப்படியொரு கடமை அரசுக்கு உண்டு என்பதைப் போதுமான வாதங்களால் நிறுவவில்லை என்றது. ஆக, இன்றைய நிலை இது: இருக்கிற தரவைக் கேட்டால் கொடுக்க வேண்டும், சேமித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசியல் சாசனத்திலிருந்து பிறந்துவிடவில்லை. கழிக்கும் அந்த 3 கிலோமீட்டரும் மாறவில்லை. கருவிகள் தலைமுறை மாறியும் சலுகை அப்படியே நிற்கிறது.

நமக்கு என்ன?

இந்தியா இந்தப் பாதையில் இப்போதுதான் காலெடுத்து வைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு, ஒரு சாட்சியின் கண் மதிப்பை மட்டும் நம்பி வேக மீறலுக்குத் தண்டிக்கக்கூடாது, கருவியின் ஆதாரம் வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்தில் மின்னணுக் கண்காணிப்புக்கென 136ஏ பிரிவு வந்தது. அதையொட்டி 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி, மின்-செலான் போடும் கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றது. 2025 ஜூலை 1 முதல், வேகம் அளக்கும் ரேடார் கருவிகளைச் சட்டமுறை எடையளவுத் துறை சோதித்து முத்திரை வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடைத் தராசைப் பார்க்கும் துறையே இனி சாலைக் கருவியையும் பார்க்கும். நல்ல தொடக்கம்.

ஆனால் இவை எல்லாம் ஜெர்மனி 1990-களில் நின்ற இடம். அங்கே அடுத்த கால் நூற்றாண்டு முழுக்க நீதிமன்றங்களில் பாடுபட்டுக் கற்றதை நாம் தொடக்கத்திலேயே விதியில் எழுதிக்கொள்ளலாம். செலான் தீரும்வரை மின்னணுப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 167ஏ ஏற்கெனவே சொல்கிறது. அந்தப் பதிவு என்பது படம் மட்டுமா, வேகத்தைக் கணக்கிட்ட தரவும் சேர்ந்ததா என்பதை வெளிப்படையாக வரையறுக்க வேண்டும். ரேடாருக்குச் செய்த ஏற்பாடு லேசர் துப்பாக்கிக்கும் அதே தெளிவோடு வர வேண்டும். செலானில் கருவியின் வரிசை எண்ணும் அது கடைசியாக முத்திரை பெற்ற தேதியும் இருந்தால், அதைப் பெறும் எவரும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இதனால் வேகமாக ஓட்டுபவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஜெர்மனியில் அத்தனை வழக்குகளுக்குப் பிறகும் கருவிகள் சாலையில்தான் நிற்கின்றன; பெரும்பாலான ஓட்டுநர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். சரிபார்க்க வழியிருக்கும் அளவை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்கு வேக மீறல் செலான் வந்தால், கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அளந்த கருவிக்குச் சான்றிதழ் இருக்கிறதா, எந்தத் தேதியுடன்? அதைக் கேட்பது உங்கள் உரிமை. சாலையில் வேகத்தைக் குறைப்பது உங்கள் கடமை.